கிணற்றில் விட்ட விரால்கள்

ஐஸ் பெட்டியைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தப் பெட்டியால்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது என்பது வேறு விஷயம். சோறு போடுகிற சாமான் மேலே கோபப்படாதே என்று என் மாமியார் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார். நான் கோபக்காரி. அது பிறவிக் குணம். இப்போது முழங்கால் வலியில் கோபப்பட எழுந்து நிற்பதே பெரும்பாடாக இருக்கிறது. அப்படியும் மீன் கடைப் பக்கம் போய் ஐஸ் தண்ணீர் காலில் பட்டால், அந்த ஒரு வருஷம் அப்படியே திரும்பி வந்து நிற்கிறது.

எங்கள் பக்கத்தில் அப்பாவை ஐயா என்போம். என் ஐயா பள்ளத்தூருக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சின்ன ஊரில் இருந்துகொண்டு கண்மாய் மீன் விற்றவர். விரால், குறவை, கெளுத்தி, இந்த மூன்றும்தான். இவை மூன்றும் அழுத்தக்கார ஜாதி. தண்ணீர் கொஞ்சமாக இருந்தாலும் வாயை மேலே நீட்டி மூச்சு வாங்கிக்கொண்டு உயிரோடு கிடக்கும். பெரிய மண்ணெண்ணெய் டின்னின் மேல்மூடியை வெட்டி எடுத்துவிட்டு, அதில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, மீனை விட்டு, நனைந்த சாக்கை வாயில் கட்டி, சைக்கிள் கேரியரில் வைத்துக் கயிற்றால் இறுக்குவார். ஒரு நாள் பள்ளத்தூர், ஒரு நாள் கொத்தமங்கலம், சந்தை நாளில் காரைக்குடி.

பிடித்த மீனை உடனே விற்க மாட்டார். வீட்டுத் தொட்டியில் நல்ல தண்ணீரில் இரண்டு நாள் போட்டு வைப்பார். சேற்று வாடை கழன்றுவிடும். பிறகு வாங்குகிற வீட்டு வாசலில் விராலை எடுத்துத் தரையில் விடுவார். அது மூன்று தடவை துள்ள வேண்டும். மூன்று துள்ளு துள்ளினால்தான் விலை பேசுவார். இரண்டோடு படுத்துவிட்டால் எடுத்து டின்னுக்குள் போட்டுவிடுவார். “பரவால்ல, குடுங்க, இப்பக் கொழம்புலதானே போடப் போறோம்” என்று அவர்களே கேட்டாலும் தர மாட்டார். “இது களைச்சுப் போச்சும்மா. வேற பாருங்க” என்பார். செத்த மீனை அவர் விற்றதே கிடையாது. வழியில் செத்ததைக் கொண்டுவந்து வீட்டுத் தென்னைக்கு அடியில் புதைப்பார். அந்தத் தென்னை காய்த்த காய்ப்பு இருக்கிறதே, ஊரே கண் வைத்தது.

எனக்கு எட்டு வயதில் ஆத்தா போய்ச் சேர்ந்தாள். ஐயா வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எனக்குத் தலை பின்னிவிட்டது அவர்தான். பின்னுவதற்கு முன்னால் புளியைக் கரைத்துக் கையை இரண்டு முறை தேய்த்துக் கழுவுவார். தன் மூக்கில் வைத்துப் பார்ப்பார். அப்புறம் என் மூக்கில் வைப்பார். “வாடை அடிக்குதாத்தா?” என்று கேட்பார்; என்னையும் அவர் ஆத்தா என்றுதான் கூப்பிடுவார். நான் இல்லை என்றால்தான் சீப்பை எடுப்பார். அடித்தாலும் நான் இல்லை என்றுதான் சொல்வேன்.

அறுபதுகளின் கடைசியில் காரைக்குடியில் என்னைக் கட்டிக்கொடுத்தார். மாப்பிள்ளை பார்த்த கதையே தனி. ஒரு நாள் மழையில் சைக்கிள் பழுதாகி, ஐயா டின்னைப் பஸ் மேலே ஏற்றிக்கொண்டு காரைக்குடிக்கு வந்திருக்கிறார். பஸ் ஸ்டாண்டில் சாமான் இறக்குகிற ஓர் ஆள் மேலே ஏறி, மூட்டைகளைத் தூக்கி எறிந்தவர், இந்த டின்னை மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்திருக்கிறார். “தண்ணி ஒரு சொட்டு சிந்தலத்தா” என்றார் ஐயா வீட்டுக்கு வந்து. அதற்கப்புறம் அந்த ஆளின் ஊர் உறவெல்லாம் விசாரித்தார். எங்கள் ஆட்கள்தான் என்று தெரிந்தது. கல்யாணம் முடிந்தது. ஒரு டின் தண்ணீர் சிந்தாததால் கல்யாணமானவள் இந்தச் சீமையில் நான் ஒருத்திதான் இருப்பேன்.

ஐயாவின் கணக்குத் தப்பவில்லை. நல்ல மனுஷர். மூட்டை தூக்கித் தோள் காய்த்துப்போனவர், என்னிடம் ஒரு வார்த்தை அதட்டிப் பேசியதில்லை. மாமியாரும் நானும்தான் தினம் ஒரு சண்டை போடுவோம். அதுவும் ஒரு பொழுதுபோக்கு.

கல்யாணமாகி இரண்டு வருஷம் போயிருக்கும். தொண்டியிலிருந்து ஒரு பாய் முதல் பஸ்ஸில் மீன் பெட்டி போட ஆரம்பித்தார். மரப்பெட்டி, உள்ளே உடைத்த ஐஸ், நடுநடுவே கடல் மீன், மேலே மரத்தூள். பெட்டி இறக்குகிற என் வீட்டுக்காரரின் கைப்பாங்கு அவருக்கும் பிடித்துப்போயிற்று போலிருக்கிறது. மார்க்கெட்டில் ஒரு பலகை போட்டு, “தம்பி, நீங்களே இருந்து பாத்துக்கங்க” என்று விட்டுவிட்டார்.

அதை ஐயாவிடம் சொல்ல என் வீட்டுக்காரர் பட்ட பாடு! சந்தை நாளில் ஐயா எங்கள் வீட்டில்தான் மத்தியானம் சாப்பிடுவார். அன்று இவர் மோரை ஊற்றுகிறார், ஊறுகாயை வைக்கிறார், விசிறியை எடுக்கிறார், விஷயத்துக்கு மட்டும் வரக் காணோம். கடைசியில் நானே போட்டு உடைத்தேன்.

ஐயா சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். “மூட்டை தூக்குறத விட நல்ல பொழப்புத்தானே மாப்ள. இதுக்கெதுக்கு முழிக்கிறீக? கடல் மீன் திங்கிறவுக வேற, கண்மாய் மீன் திங்கிறவுக வேற” என்றார்.

அன்றைக்கு அது உண்மையாகத்தான் இருந்தது. கடல் மீனை எங்கள் சனம் செத்த மீன் என்றுதான் சொல்லும். ஐஸில் இரண்டு நாள் கிடந்ததை யார் தின்பது என்று முகத்தைச் சுளிப்பார்கள். ஆனால் முகம் எத்தனை நாள் சுளித்துக்கொண்டே இருக்கும்? கடல் மீனைக் கடைக்காரரே செதிள் எடுத்துத் துண்டு போட்டுத் தருகிறார். விராலென்றால் சாம்பலும் கல்லுப்பும் போட்டுக் கல்லில் உரசி உரசிக் கை ஓய வேண்டும். அது வழுக்கிக்கொண்டு ஓடும். பள்ளிக்கூட டீச்சரம்மாவுக்கும் ஆஸ்பத்திரி நர்சம்மாவுக்கும் காலையில் அதற்கு ஏது நேரம்? போதாக்குறைக்குக் கண்மாய்களில் ஜிலேபிக் கெண்டை என்று ஒரு புது மீன் பெருகி, அதைத் தின்றவர்கள் எல்லாரும் கண்மாய் மீன் என்றாலே சேறு நாறுகிறது என்று பேச ஆரம்பித்தார்கள். நாறியது ஜிலேபி, பழி விராலுக்கு.

தொண்டிப் பாய் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது சொன்னார். “நம்ம ஊருன்னு இல்லம்மா. மெட்ராஸ், பெங்களூர், எங்குட்டுப் போனாலும் இப்பக் கடல் மீனுதான். கல்கத்தாக்காரவுகதான் இன்னும் ஆத்து மீனு, கொளத்து மீனுன்னு உசுர விடுறாகளாம்.” ஐயாவைக் கல்கத்தாவுக்கா அனுப்ப முடியும் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே காப்பி கொடுத்தேன்.

பள்ளத்தூரில் வாடிக்கை வீடுகள் குறைந்தன. கொத்தமங்கலத்தில் வாரம் தவறாமல் நாலு விரால் வாங்கின பெரிய வீட்டில் சமையல்காரர் கதவைப் பாதி திறந்து, “ஆச்சி மெட்ராசுக்குப் போயிட்டாக, இனிமே சொல்லி அனுப்புறோம்” என்றாராம். அப்புறம் அவர்கள் சொல்லி அனுப்பவே இல்லை. இதெல்லாம் ஐயா என்னிடம் சொன்னதில்லை. ஊர்ச் சனம் வந்து சொல்லித்தான் தெரியும். ஐயாவைக் கேட்டால் ஒரே பதில்தான்.

“வித்துருச்சா ஐயா?”

“வித்துருச்சுத்தா.”

அந்தச் சமயத்தில்தான் கிணற்றுக் கதை தொடங்கியது. எங்கள் வாடகை வீட்டின் பின்னால் ஒரு கிணறு உண்டு. ஒரு சந்தை நாளில் ஐயா சாப்பிட வந்தபோது டின்னைக் கழற்றிக்கொண்டு நேரே பின்கட்டுக்குப் போனார். வாளியில் ஒரு விராலை விட்டு, கயிற்றை மெதுவாக இறக்கி, வாளியைத் தண்ணீருக்குள் சாய்த்து விட்டார். “கெடக்கட்டும்த்தா. கெணத்துல கொசு முட்டையெல்லாம் தின்னுரும். அடுத்த சந்தைக்கு எடுத்துக்கிருவேன்” என்றார். நல்லதுதானே என்று நானும் இருந்துவிட்டேன்.

அடுத்த சந்தைக்கு அதை எடுக்கவில்லை. இன்னும் இரண்டை விட்டார். அதற்கடுத்த வாரம் மூன்று. எனக்கு உறைத்தது. கொசுவுக்கு இத்தனை விரால் எதற்கு? ஊருக்குத் திருப்பிக் கொண்டுபோனால் அக்கம்பக்கம் டின்னை எட்டிப் பார்க்கும். அதனால்தான் என் கிணற்றில் விடுகிறார். விற்றுவிட்டது என்று என்னிடம் சொன்ன வாயோடு, விற்காத மீனை என் வீட்டுக் கிணற்றிலேயே விடுகிறார். அந்த மனுஷருக்கு ஒளிக்கவும் தெரியவில்லை. காலையில் தண்ணீர் இறைக்கப் போனால் ஒவ்வொன்றாக மேலே வந்து வாயைத் திறந்து மூடிவிட்டுப் போகும். நான் எண்ணுவேன். ஆறு, எட்டு, பதினொன்று. எண்ணிவிட்டு அங்கேயே கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுவேன்.

மாமியார் வந்து எட்டிப் பார்த்தார். “அடி ஆத்தி, இது கெணறா கண்மாயா?” என்றார். நான் சண்டைக்குத் தயாராகத் திரும்பினேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “கெடக்கட்டும். தண்ணி தெளிவாத்தான் இருக்கு” என்று வாளியை வாங்கிக்கொண்டு அவரே இறைத்தார். என் வீட்டுக்காரருக்கும் தெரியும். மூன்று பேரும் ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரி இருந்தோம். சந்தை நாளில் ஐயா பின்கட்டுக்குப் போனால் நான் அடுப்படியில் ஏதாவது பாத்திரத்தை உருட்டுவேன்.

அப்போது நான் முழுகாமல் இருந்தேன். கடல் மீன் வாடையே ஆகவில்லை. என் வீட்டுக்காரர் பாவம், எலுமிச்சம்பழத் தோலைத் தேய்த்துத் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தாலும் வாசலிலேயே நிறுத்திவிடுவேன். கிணற்று விரால் ஒன்றைப் பிடித்து ரசம் மாதிரி வைத்துக் கொடுத்தால் மட்டும் வயிற்றில் தங்கியது. ஐயாவுக்கு அதில் கொள்ளைப் பெருமை. ஐந்தாம் மாதத்திலிருந்து வாரா வாரம் வந்தவுடன் கேட்கிற முதல் கேள்வி, “துள்ளுதாத்தா?”

“துள்ளுதுய்யா.”

“எத்தன?”

“மூணுக்கு மேலயே.”

சிரிப்பார் பாருங்கள், வெற்றிலைக் காவி தெரிய. அந்தச் சிரிப்புக்காகவே சந்தை நாளை எதிர்பார்த்துக் கிடப்பேன். மீன் விற்றாலும் விற்காவிட்டாலும் அவர் வர வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

ஏழாம் மாதம். அன்று சந்தை நாள். பிரசவம் நல்லபடியாக ஆக வேண்டும் என்று மாமியார் என்னைக் காலையிலேயே பிள்ளையார்பட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஐயா வருவதற்குள் திரும்பிவிடலாம் என்று போனோம். திரும்பி வந்தபோது உச்சிப்பொழுது. என் வீட்டுக்காரர் கடையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து கிணற்றுச் சுவரில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூஞ்சியில் ஈயாடவில்லை.

“ஐயா எங்க?” என்றேன்.

“கடைக்கு வந்தாக. போயிட்டாக.”

பிடுங்கிப் பிடுங்கிக் கேட்டதில் விஷயம் வந்தது. மாமனாருக்கு ஒரு ஒத்தாசை செய்ய வேண்டும் என்று இவருக்குப் பல நாளாக ஓர் எண்ணம். தன் பலகைக்குத்தான் அத்தனை சனம் வருகிறதே, ஐயாவின் மீனையும் அங்கேயே விற்றுக் கையில் கொடுத்துவிடலாம், கிணறும் காலியாகும், ஐயாவுக்கும் மனசு லேசாகும் என்று நினைத்திருக்கிறார். நாங்கள் பஸ் ஏறியதும் வலைப்பையைக் கிணற்றில் இறக்கி ஒன்பது விராலைப் பிடித்திருக்கிறார். பிடித்துக் கொண்டுபோய், எல்லா மீனையும் எப்படி வைப்பாரோ அப்படியே, ஐஸ் பெட்டிக்குள் அடுக்கி மேலே ஐஸை அள்ளிப் போட்டிருக்கிறார்.

“ஒரு தொட்டியில தண்ணி ஊத்தி உசுரோட விட்டு வித்தா ஆகாதா?” என்று கத்தினேன்.

“தோணலையே” என்றார் என் வீட்டுக்காரர்.

கோபத்தில் எனக்குக் கண் இருட்டியது. ஆனால் அது பொய்யில்லை என்று எனக்கே தெரிந்தது. அவருக்குத் தோன்றவில்லைதான். மீன் கெடாமல் இருக்க ஐஸ் போட வேண்டும். நல்ல மீன் என்றால் இன்னும் ரெண்டு கை கூடப் போட வேண்டும். அவர் படித்த படிப்பு அவ்வளவுதான். மாமனார் மீன் ஆயிற்றே என்று நிறையவே போட்டிருக்கிறார்.

விரால்கள் விறைத்துப் பலகையில் வரிசையாகக் கிடந்திருக்கின்றன. வந்தவர்கள் எல்லாரும் ஒதுக்கிவிட்டுச் சங்கராவையும் நகரையையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். ஒரு அம்மா மட்டும் ஒன்றைத் தூக்கிப் பார்த்து, “கண்மாய் மீனா? அதுலயும் செத்ததா? வேணாம்யா” என்று போட்டிருக்கிறார். அப்போதுதான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஐயா பலகை முன்னால் வந்து நின்றிருக்கிறார். கேரியரில் டின் இருந்தது.

ஐயா குனிந்து ஒரு விராலின் செவுளைத் தொட்டுப் பார்த்தாராம். “மாப்ள, இது நம்ம கெணத்து மீனா?”

“ஆமா மாமா. ஒங்களுக்குத்தான்… வித்துக் குடுத்துருவோம்னு…”

“ஆத்தாளுக்குத் தெரியுமா, இத்தன கெடந்தது?”

இவருக்குப் பொய் சொல்ல வராது. “தெரியும் மாமா. எண்ணி எண்ணிப் பாக்கும்” என்றிருக்கிறார்.

ஐயா அந்த ஒன்பதையும் கேட்டு வாங்கிச் சாக்கில் சுருட்டி டின் மேல் வைத்துக்கொண்டு, வந்த வழியே சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். தென்னைக்கு அடியில் புதைக்கத்தான் கொண்டுபோகிறார் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை.

செத்த மீனைப் பலகையில் பார்த்ததுகூட அவருக்குப் பெரிதில்லை. இத்தனை மாதமாக மகள் தன் பொய்யை எண்ணிக்கொண்டிருந்தாள் என்பதுதான் அவரைத் திருப்பி அனுப்பியது. அதைச் சொன்னது என் வீட்டுக்காரர், எண்ணியது நான்.

அடுத்த சந்தைக்கு ஐயா வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. சண்டை போடும்போதெல்லாம் என் கோபம் சாதாரணக் கோபம். பேசாமல் இருந்தேன் என்றால்தான் வீட்டில் எல்லாரும் பயப்படுவார்கள். நான் பேசாமல் இருந்தேன். என் வீட்டுக்காரர் கொண்டுவந்த மீனைத் தொடவில்லை. ‘ஐஸ் பெட்டி மீன் இனி என் வாயில் படாது’ என்று மாமியார் மூலமாகச் சொல்லியனுப்பினேன், பக்கத்தில் நின்றவருக்கே. மாமியார் நடுவில் நின்று, “கேட்டுக்கிட்டியாடா?” என்பார். அவர் தலையை ஆட்டுவார்.

ஒரு நாள் கடையை மூடிவிட்டு அவரே பஸ் ஏறி ஊருக்குப் போனார். ஐயா திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். திட்டவில்லை. கயிற்றுக் கட்டிலில் உட்காரவைத்து, கடையில் கலர் சோடா வாங்கிவந்து உடைத்துக் கொடுத்து, “ஆத்தாளை நல்லாப் பாத்துக்கங்க மாப்ள. எனக்கு இங்குட்டுக் கொஞ்சம் சோலி கெடக்கு” என்று சொல்லிப் பஸ் ஏற்றிவிட்டிருக்கிறார். என்ன சோலி? டின் காய்ந்து கவிழ்ந்து கிடந்ததாம். கலரைப் பாதிக்கு மேல் குடிக்க முடியவில்லை என்றார். நான் பேசவில்லை. ஆனால் அன்று இரண்டாம் தடவை சோறு போட்டேன்.

கிணற்றில் இரண்டு விரால் வலைக்குத் தப்பிக் கிடந்தன. தினம் ஒரு கை சோறு போடுவேன். ஐயா வந்தால் காட்ட வேண்டும் என்று வைத்திருந்தேன்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பார்கள். எனக்குத் தாய் இல்லாததால் காரைக்குடியிலேயே ஆயிற்று. பெண் பிள்ளை. பள்ளத்தூர்ப் பஸ் கண்டக்டரிடம் ஐயாவுக்குச் சொல்லியனுப்பினோம். ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள். வாசலில் சைக்கிள் மணி கேட்டால் தலையைத் தூக்குவேன். தபால்காரராக இருக்கும்.

எனக்குப் பால் சரியாக இறங்கவில்லை. பிள்ளை சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு வீறிட்டு அழுதது. பால் சுறாவைப் புட்டு மாதிரி உதிர்த்து, பூண்டு நிறையப் போட்டு வதக்கிக் கொடுத்தால் பால் ஊறும் என்று எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். என் வீட்டுக்காரர் தினமும் நல்ல சுறாவாகக் கொண்டுவந்து அடுப்படியில் வைத்தார். நான் தொட மாட்டேன் என்றேன். “ஏடி, புள்ள காயுதுடி! ஓம் வீராப்பப் பெறகு வச்சுக்கடி!” என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். எனக்கும் மார் எரிந்தது, மனசும் எரிந்தது. ஆனால் தொண்டையில் இறங்கினால்தானே? அதைப் பார்த்தால் பலகையில் விறைத்துக் கிடந்த ஒன்பதுதான் ஞாபகம் வந்தது. மாமியார் எனக்குத் தெரியாமல் அதே கண்டக்டரிடம் இன்னொரு சொல் சொல்லியனுப்பியிருக்கிறார்: ஒங்க மக ஐஸ் மீன் திங்க மாட்டேங்குறா, பேத்தி பசியில கெடக்கு.

மறுநாள் காலை கடையில் நடந்ததை என் வீட்டுக்காரர் அப்புறம்தான் சொன்னார். அவர் தராசைத் துடைத்துக்கொண்டிருக்கையில் சனத்தோடு சனமாக ஐயா நின்றிருக்கிறார். “வாங்க மாமா” என்று இவர் எழுந்ததற்கு, “நீங்க மொதல்ல வந்தவுகளுக்குக் குடுங்க” என்று தன் முறை வரும்வரை நின்றாராம். முறை வந்ததும், “பால் சுறா வேணும், மாப்ள” என்றிருக்கிறார். இவர் இரண்டு மூன்றை எடுத்து முன்னால் வைத்தார். ஐயா ஒன்றைக் கையில் எடுத்தார். திருப்பினார். வைத்தார். இன்னொன்றை எடுத்தார். நாற்பது வருஷம் மீன் பிடித்த கை, சுறாவின் எந்தப் பக்கத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் நின்றது.

“இதுல எது நல்லதுன்னு நீங்களே பாத்துக் குடுங்க, மாப்ள” என்றாராம். “துள்ளுனா எனக்குத் தெரியும். இதுல எனக்கு ஒண்ணும் தெரியாது.”

என் வீட்டுக்காரர் இருந்ததிலேயே நல்லதாக எடுத்துத் தோல் சீவித் துண்டு போட்டுத் தேக்கிலையில் கட்டிக் கொடுத்திருக்கிறார். காசு வேண்டாம் என்றதற்கு, “எங்கிட்ட வாங்குனவுக யாரும் சும்மா வாங்கல” என்று கையில் திணித்துவிட்டு வந்திருக்கிறார்.

எனக்கு இதொன்றும் தெரியாது. சைக்கிள் மணி கேட்டது. தபால்காரர் என்று நினைத்தேன். ஐயா வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். கேரியரில் டின் இல்லை. டின் இல்லாத அந்தச் சைக்கிளை நான் பார்த்ததே இல்லை. யாருடைய சைக்கிளோ என்று தோன்றியது. கையில் தேக்கிலைப் பொட்டலம் இருந்தது. அதைத் தூக்கித் தூரமாகப் பிடித்துக்கொண்டு, முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு உள்ளே வந்தார். அவருக்கு அந்த வாடை ஆகாது.

“இந்தாம்மா, இதை ஆத்தாளுக்குச் செஞ்சு குடுங்க” என்று மாமியாரிடம் நீட்டினார். பின்கட்டுக்குப் போய்க் கையைக் கழுவினார். புளி கேட்டு வாங்கித் தேய்த்துக் கழுவினார். இரண்டு முறை. மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு வந்து பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்தார். அது காலை உதைத்துக்கொண்டு கிடந்தது.

“ஐயா” என்றேன். அதற்கு மேல் அழுகைதான் வந்தது.

“அழுகாதத்தா. பால் வத்திப் போகும்.”

“எண்ணிருக்கக் கூடாதுய்யா நானு.”

“நீ எண்ணலைன்னா வேற யாரு எண்ணுவா?” என்றார். பிள்ளையின் உள்ளங்காலை ஒரு விரலால் தொட்டார். “ரெண்டு கெடக்கு, பாத்தேன். நல்லாக் கொழுத்திருக்கு.”

மாமியார் சுறாவை வேகவைத்து உதிர்த்துப் பூண்டும் சின்ன வெங்காயமுமாக வதக்கிக் கொண்டுவந்தார். வீடு முழுக்க மணம். இரண்டு இலை போட்டார். ஐயாவுக்கு ரசம் ஊற்றப் போனார்.

“எனக்கும் அதுலயே வைங்கம்மா” என்றார் ஐயா.

மாமியார் கரண்டியோடு நின்றார். நானும் பார்த்தேன். அந்த மனுஷர் பிறந்ததிலிருந்து கடல் மீனை வாயில் வைத்ததில்லை. “வேணாம்ணே, ஒங்களுக்கு ஆகாது” என்றார் மாமியார்.

“எம் மக திங்கணும்னா நானும் திங்கணும்ல” என்றார்.

ஒரு வாய் எடுத்துச் சோற்றோடு பிசைந்தார். வாயில் போட்டார். மென்றார். முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். துப்பிவிட வேண்டும் என்று பிள்ளையார்பட்டிப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டேன், சத்தியமாக. அவர் துப்பவில்லை. இன்னொரு வாய் எடுத்தார். மெதுவாக, சந்தேகமாக, ஒரு புது ஊருக்குள் நுழைகிற மாதிரி சாப்பிட்டார். நான்காவது வாயில் நிறுத்தினார்.

“நல்லாத்தான்த்தா இருக்கு” என்றார்.

நானும் ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, “வாடை அடிக்குதுய்யா” என்றேன்.

ஐயா சிரித்தார். “பொய் சொல்லாதத்தா. எங்க அடிக்குது? முள்ளு இல்ல, வழுவழுப்பு இல்ல, ஒரசுற வேலை இல்ல. நல்லாத்தான் இருக்கு.” இலையில் மிச்சமிருந்ததை விரலால் ஒன்றுசேர்த்தார். “பெறகு சனம் எப்பிடித்தா நம்மகிட்ட வாங்கும்? அவுக மேல ஒரு தப்பும் இல்லத்தா.”

அவ்வளவுதான் சொன்னார். கோபமே இல்லை அந்தக் குரலில். அவ்வளவு நாளும் மனசுக்குள் யாரையெல்லாம் திட்டிக்கொண்டிருந்தாரோ, அந்தக் கொத்தமங்கலத்துச் சமையல்காரர் முதல் எல்லாரையும் அந்த ஒரு இலையில் மன்னித்துவிட்டார். நான்தான் இன்றுவரை ஒருத்தரையும் மன்னிக்கவில்லை.

வாசல் பக்கம் நிழல் தட்டியது. என் வீட்டுக்காரர் கடையிலிருந்து வந்து, உள்ளே வரலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தார். கைலி முழங்கால் வரை நனைந்திருந்தது. இரண்டு மாதத்துக்கு அப்புறம் நான் அவரிடம் வாயைத் திறந்தேன்.

“குளிச்சிட்டு வந்து புள்ளையத் தூக்குங்க” என்றேன். “ஐயா சாப்பிடுறாக.”